ஆக்ஷனும் ட்ரிகரும்: ரைஃபிள் கட்டத் தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் நீள்தூரக் குறிசுடும் போட்டிகளுக்கு வருவோரின் ரைஃபிள்களைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் பல ஒரே நிறுவனத்தில் முழுதாகச் செய்யப்பட்டவை அல்ல என்பது தெரியவரும். தோட்டாவை ஏற்றிப் பூட்டி வெடிக்கச் செய்யும் பொறியமைப்பாகிய ஆக்ஷன் மொன்டானாவிலோ நெப்ராஸ்காவிலோ உள்ள ஒரு பட்டறையில் செய்யப்பட்டிருக்கும். விரலால் இழுக்கும் விசையாகிய ட்ரிகர் கனடாவிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோ வந்திருக்கும். குழலும், இவற்றைத் தாங்கும் உலோகச் சட்டமாகிய சேஸிஸும் வெவ்வேறு கைகளில் உருவாகியிருக்கும். இப்படிப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க முற்படும் புதியவர் பெரும்பாலும் ஆக்ஷனுக்குப் பெரிய தொகையை ஒதுக்கிவிட்டு, ட்ரிகரைக் கடைசியில் கையில் மிஞ்சியதற்கு ஏற்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார். ஆனால் ஆக்ஷனின் வேலையில் பாதி ட்ரிகரின் மேல்முனையில்தான் நடக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே முடிவாக, ஒரே நேரத்தில் எடுப்பதுதான் முறை. அது ஏன், அந்த முடிவை எடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஆக்ஷனின் உடலாகிய ரிசீவரே சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. வரிசை எண் பொறிக்கப்படுவது அதில்தான். எனவே வெறும் ஆக்ஷனை வாங்குவதானாலும் உரிமம் பெற்ற வணிகரிடம் நேரில் சென்று, 4473 என்னும் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டே பெற முடியும். ட்ரிகருக்கும் குழலுக்கும் கூட்டரசுச் சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாநிலச் சட்டங்களைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் சேர்த்துவிடுவதால், உரிமம் இல்லாமல் அங்கே இவற்றுள் எதையும் தருவிக்கவோ சேர்த்துக் கட்டவோ கூடாது.

ஆக்ஷன் என்று எதைச் சொல்கிறோம்

குழலையும், தோளில் ஊன்றும் கட்டையாகிய ஸ்டாக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சுவது ஆக்ஷன். அதில் ரிசீவர் என்னும் உருளை வடிவ எஃகுக் கூடும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும், கைப்பிடி வைத்த போல்ட்டும் இருக்கின்றன. போல்ட்டின் முன்முனையில் லக் எனப்படும் புடைப்புகள் உள்ளன. கைப்பிடியைக் கீழே இறக்கும்போது அவை ரிசீவரின் உட்புறத்திலுள்ள பள்ளங்களில் சுழன்று பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவன இந்த லக்குகளே. 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. இவ்வளவு அழுத்தம் சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எழுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஆக்ஷனின் விலையைப் பற்றிய முணுமுணுப்பு சற்றுக் குறையும்.

போல்ட்டின் நடுவே, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசியாகிய ஃபயரிங் பின் ஓடுகிறது. அதன் பின்முனையில் காக்கிங் பீஸ் என்னும் சிறு எஃகுத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியை மேலே தூக்கும்போது போல்ட்டிலுள்ள சாய்வான வெட்டு இந்தக் காக்கிங் பீஸைப் பின்னுக்குத் தள்ளி, ஃபயரிங் பின்னின் சுருள்வில்லை அமுக்குகிறது. கைப்பிடியைத் தூக்கும்போது விரலில் தெரியும் கனம் இதுதான். தூக்கி முடித்ததும் காக்கிங் பீஸ் போல்ட்டின் பின்விளிம்பிலுள்ள ஒரு சிறு பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். பிறகு போல்ட்டை முன்னே தள்ளிக் கைப்பிடியை இறக்கும்போது, காக்கிங் பீஸ் அந்தப் பள்ளத்தை விட்டு வெளியேறுகிறது. அக்கணத்தில் அதை முன்னே பாயவிடாமல் பிடித்துக்கொள்வது ட்ரிகரின் உச்சியில் இருக்கும் சியர் என்னும் பாகம். ஆக, போல்ட் பூட்டிய நிலையில், அமுங்கிய சுருள்வில்லின் முழு விசையும் சியரின் ஒரு சிறிய விளிம்பின் மேல் சாய்ந்து நிற்கிறது. ட்ரிகரை இழுப்பது என்பது அந்தச் சியருக்குக் கீழே இருக்கும் தாங்கலை விலக்குவதுதான்.

இந்த ஒரு சந்திப்பைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. காக்கிங் பீஸைச் செய்பவர் ஆக்ஷன் நிறுவனத்தார். சியரைச் செய்பவர் ட்ரிகர் நிறுவனத்தார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் போல்ட்டை மூடும்போது கையில் தெரிந்துவிடும்.

தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்

எந்த ஆக்ஷன் நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். தோட்டாவின் அடிப்பகுதியின் விட்டம், அந்த அடி வந்து அமரும் போல்ட் முகத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அதன் மொத்த நீளம் ஆக்ஷனின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. .223 ரெமிங்டனுக்கு 0.378 அங்குல அடி; .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .30-06 ஆகியவற்றுக்கு 0.473 அங்குலம், அதாவது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்; .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 0.532 அங்குலம்; .338 லாபுவாவுக்கு அதனினும் பெரிது. நீளத்தைப் பொறுத்தவரை .308 தோட்டாவின் உச்ச நீளம் 2.810 அங்குலம், 6.5 கிரீட்மோரின் உச்ச நீளம் 2.825 அங்குலம். இவை இரண்டும் குட்டை ஆக்ஷனில் அடங்கும். .30-06க்கும் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் 3.340 அங்குலம் வேண்டியிருப்பதால் அவற்றுக்கு நீண்ட ஆக்ஷன் தேவை.

புதியவருக்கு என் பரிந்துரை, 0.473 அங்குல முகம் கொண்ட குட்டை ஆக்ஷன். ஹார்னடி நிறுவனம் 2007இல் வெளியிட்ட 6.5 கிரீட்மோர் இன்று எங்கும் கிடைக்கிறது. அதே போல்ட் முகத்தில் .308உம் போகும், போட்டியாளர்கள் விரும்பும் 6 மில்லிமீட்டர் பிஆர், டாஷர், ஜிடி போன்றவையும் போகும். குழலை மட்டும் மாற்றினால் அதே ஆக்ஷன் வேறு தோட்டாவுக்குத் தயார். குழல் தேய்ந்துபோகும் பொருள். ஆக்ஷன் பல குழல்களைக் கடந்து நிற்கும். மேக்னம் என்னும் வலிமை மிகுந்த தோட்டா மீதான மோகத்தில் நீண்ட ஆக்ஷனை வாங்கிவிட்டு, அதன் உதைப்பையும் தோட்டா விலையையும் தாங்க முடியாமல் ஓராண்டுக்குள் விற்பவர்கள் நிறைய.

700 என்னும் அச்சு

இன்றைய தனிப்பயன் ஆக்ஷன்களில் மிகப் பலவும் ஒரே அடித்தளத்தைப் பின்பற்றுகின்றன. ரெமிங்டன் நிறுவனம் 1962இல் வெளியிட்ட மாடல் 700தான் அது. 1948இல் வந்த 721, 722 ஆகிய மாடல்களின் வழித்தோன்றல் அது. உருளை எஃகுக் கம்பியைக் கடைந்து ரிசீவர் செய்வது, உதைப்பைத் தாங்கும் லக்கை ரிசீவருக்கும் குழலுக்கும் நடுவே வளையம்போல் செருகுவது போன்ற சிக்கன வழிகள் அந்த மாடல்களிலேயே வந்துவிட்டன. வட்ட வடிவ ரிசீவரைப் பட்டறையில் பிடித்துத் துல்லியமாகக் கடைவது எளிது. எனவே ரைஃபிள் கட்டுபவர்கள் பல பத்தாண்டுகளாக 700ஐ வாங்கி, பிரித்து, கடைந்து, திருத்தி வந்தார்கள். நாளடைவில் அந்தத் திருத்தங்களையெல்லாம் முதலிலேயே சேர்த்து ஆக்ஷனைப் புதிதாகச் செய்வதே மேல் என்ற நிலை வந்தது. டிஃபையன்ஸ், இம்பேக்ட், ஸெர்மாட், லோன் பீக், கெல்ப்லி போன்ற நிறுவனங்களின் ஆக்ஷன்கள் பலவற்றை அந்தப் பரம்பரையில் வைத்துப் பார்க்கலாம்.

700இன் அடித்தளம் என்று சொல்லும்போது, ஸ்டாக்கில் அமரும் உருவம், ஆக்ஷன் திருகுகளின் இடைவெளி, ட்ரிகரைத் தாங்கும் இரண்டு பின்களின் இடம் ஆகியவை 700ஐ ஒத்திருக்கும் என்று பொருள். இதனால் 700க்காகச் செய்யப்பட்ட ஸ்டாக், சேஸிஸ், ட்ரிகர் ஆகியவற்றின் பெரிய சந்தை முழுவதும் வாங்குபவருக்குத் திறந்துவிடுகிறது. பின்லாந்தின் டிக்கா, அமெரிக்காவின் சாவேஜ் ஆகியவையும் நல்ல ஆக்ஷன்களே. ஆனால் அவற்றின் ட்ரிகர்கள் வேறு வகை, தேர்வும் குறைவு. முதல் ரைஃபிளைக் கட்டுபவர் 700 அடித்தளத்தை விட்டு விலகுவதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

விலை கொடுத்து எதைப் பெறுகிறோம்

தனிப்பயன் ஆக்ஷனின் விலை ஏறத்தாழ ஆயிரம் டாலரை ஒட்டித் தொடங்கி, அதற்கு மேலும் கணிசமாக ஏறுகிறது. அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் முதல் பொருள் அளவுத் துல்லியம். ரிசீவரின் முகம், திருகு மரை, லக்குகள் அமரும் பரப்பு ஆகியவை ஒன்றுக்கொன்று நேராக இருந்தால், போல்ட்டின் இரண்டு லக்குகளும் சமமாகச் சுமை தாங்கும். ஒரே மாதிரியின் எல்லா ஆக்ஷன்களும் ஒரே அளவில் இருந்தால் இன்னொரு பெரிய வசதி கிடைக்கிறது: குழல் செய்பவர் ரிசீவரைத் தன் கையில் வாங்காமலேயே, தன்னிடமுள்ள அளவை வைத்துக் குழலைக் கடைந்து அனுப்பிவிடலாம். இதைப் பிரீஃபிட் குழல் என்கிறார்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குழலின் பின்முனையிலுள்ள அறையில் தோட்டா அமரும் ஆழத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .308 வின்செஸ்டருக்கு அதன் கீழ் எல்லையைக் காட்டும் கோ அளவுகோல் 1.630 அங்குலம், மூடக்கூடாத நோ-கோ அளவுகோல் 1.634 அங்குலம். நடுவே இருக்கும் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர். கோ அளவுகோலின் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோவின் மேல் மூடக் கூடாது. பிரீஃபிட் குழல் எவ்வளவு புகழ்பெற்ற பட்டறையிலிருந்து வந்தாலும், இந்த இரண்டு அளவுகோல்களை வைத்துச் சோதிக்காமல் ஒரு தோட்டாவையும் உள்ளே விடக்கூடாது. சோதிக்கும்போது வெற்று உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் வில்லின் அழுத்தம் குழப்பாதபடி போல்ட்டைப் பிரித்து, ஃபயரிங் பின்னையும் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியை விரலின் மெல்லிய விசையால் மட்டும் இறக்கிப் பார்ப்பது வழக்கம். திருப்புளி பிடிக்கத் தயங்குபவர் இந்த வேலையைப் பழகிய துப்பாக்கித் தச்சரிடம் விட்டுவிடலாம். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் அல்ல.

இரண்டாவதாகக் கிடைப்பது போல்ட் கைப்பிடியின் சரியான இடம். கைப்பிடியைத் தூக்கும் இறுதிக் கட்டத்தில் அதன் அடிப்பகுதி ரிசீவரின் பின்புறச் சாய்வில் உரசி, போல்ட்டைச் சற்றே பின்னுக்கு இழுக்க வேண்டும். அறைச் சுவரில் இறுகியிருக்கும் வெற்று உறையை இளக்கிவிடுவது இந்தச் சிறு இழுப்புதான். தொழிற்சாலை 700களில் கைப்பிடியைத் தனியே செய்து போல்ட்டில் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடம் பிசகியிருந்தால் இந்த இழுப்பு குறைந்துபோகும், உறை சிக்கிக்கொள்ளும், சுடுபவர் உள்ளங்கையால் கைப்பிடியை அடிக்கத் தொடங்குவார். நல்ல தனிப்பயன் ஆக்ஷனில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிராது. கடையில் ஓர் ஆக்ஷனைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: கைப்பிடியை மெதுவாகத் தூக்கி, போல்ட் பின்னே நகரும் அந்த நூலிழை அசைவைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள்.

லக்குகள் இரண்டா மூன்றா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரண்டு லக் கொண்ட போல்ட்டை 90 பாகை தூக்க வேண்டும். மூன்று லக் கொண்டதை 60 பாகை அளவுக்குத் தூக்கினால் போதும். கோணம் குறைந்தால் கை தொலைநோக்கியில் இடிக்காது, வேகமும் கூடும். ஆனால் அதே சுருள்வில்லைக் குறைந்த சுழற்சியில் அமுக்க வேண்டியிருப்பதால் தூக்கும் கனம் கூடுகிறது. படுத்த நிலையில் ரைஃபிளை அசைக்காமல் போல்ட்டை இயக்க விரும்புபவருக்கு இரண்டு லக் இதமாக இருக்கும் என்பது என் எண்ணம். தோட்டாவின் விளிம்பை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் 1898ஆம் ஆண்டு மௌசர் வழி ஊட்டமா, வெறுமனே தள்ளிக்கொண்டு போகும் ஊட்டமா என்ற விவாதமும் உண்டு. ஸெர்மாட்டின் டிஎல்3 முன்னதைத் தருகிறது. பெரும்பாலானவை பின்னதைத் தருகின்றன. காகிதத்தையும் எஃகுத் தட்டையும் சுடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவை தவிர, உதைப்பு லக் ரிசீவரோடு ஒரே துண்டாக இருக்கிறதா, தொலைநோக்கி அமரும் தண்டவாளம் உடன் கடையப்பட்டதா திருகப்பட்டதா, ஏஐசிஎஸ் எனப்படும் பரவலான வகை மேகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) ஏற்றதா என்பனவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்துக்கு 20 எம்ஓஏ (ஓர் எம்ஓஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு இருப்பது பொதுவான தேர்வு; 100 கஜத்தில் ஓர் எம்ஓஏ 1.047 அங்குலம் என்பதால், அது ஏறத்தாழ 21 அங்குல உயரத்தைத் தொலைநோக்கியின் திருகுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

ட்ரிகர் பொருந்துமா

700 அடித்தள ஆக்ஷனுக்கு 700 ட்ரிகர் என்று வாங்கிவிட்டால் போதும் என்பது பாதி உண்மை. இரண்டு பின்களும் சரியாக நுழையும். ஆனால் நான்கு இடங்களில் இடறல் வரலாம்.

முதலாவது போல்ட் விடுவிப்பு. தொழிற்சாலை 700இல் போல்ட்டைப் பின்னே இழுக்கும்போது அது கையோடு வந்துவிடாமல் தடுக்கும் சிறு தகடு ட்ரிகர் கூட்டை ஒட்டியே இருக்கிறது. அதை விடுவிக்கும் நெம்புகோல், விரல் வைத்து இழுக்கும் ட்ரிகர் நாக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தனிப்பயன் ஆக்ஷன்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ரிசீவரின் இடப்பக்கத்தில் தனி விடுவிப்பை வைத்திருக்கின்றன. ஆகையால் ட்ரிகர் நிறுவனங்கள் ஒரே மாதிரியை விடுவிப்பு உள்ளது, இல்லாதது என இரண்டு வடிவங்களில் விற்கின்றன. பக்கவாட்டு விடுவிப்பு உள்ள ஆக்ஷனுக்கு விடுவிப்பு இல்லாத ட்ரிகரே வேண்டும். தள்ளுபடி விலையைக் கண்டு அவசரமாக வாங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது பாதுகாப்புப் பூட்டு. 700 வகையில் அது ட்ரிகரின் பகுதி. அதன் நெம்புகோல் ரிசீவரின் பின்புற வலப்பக்கமாக மேலே நீண்டு வரும். அந்த நெம்புகோலுக்கு ஸ்டாக்கில் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறதா, போல்ட்டின் பின்மூடி அதை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பூட்டே இல்லாத ட்ரிகர்களும் மேசைமேல் ரைஃபிளை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களுக்காக விற்கப்படுகின்றன. புதியவர் அவற்றைத் தொட வேண்டியதில்லை. மூன்றாவது, கூட்டின் அகலம். சில ட்ரிகர்களின் கூடு தொழிற்சாலைக் கூட்டைவிடச் சற்று அகலமானது, பழைய ஸ்டாக்கில் உரசும். ஆக்ஷனைத் திருகிய பிறகு ட்ரிகர் ஸ்டாக்கின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது.

நான்காவதுதான் முக்கியமானது. ஆங்கில வட்டாரத்தில் டைமிங் என்று இதைச் சொல்கிறார்கள். காக்கிங் பீஸைச் சியர் எந்தக் கணத்தில், எந்த இடத்தில் ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன் பொருள். சியர் தேவைக்கு மேல் பின்னால் நின்றால், போல்ட் பூட்டுவதற்கு முன்பே காக்கிங் பீஸ் அதில் மோதி நின்றுவிடும். போல்ட்டின் உடல் மட்டும் முன்னே போக வேண்டியிருப்பதால், கைப்பிடியின் கடைசி அசைவில் சுடுபவர் சுருள்வில்லை எதிர்த்துத் தள்ளுவார். திறக்கும்போதே வில் முழுதும் அமுங்கிவிட வேண்டிய ஆக்ஷன், மூடும்போதும் வில்லை அமுக்கச் சொல்கிறது. மாறாக, சியர் தேவைக்கு மேல் முன்னால் நின்றால், காக்கிங் பீஸ் தன் பள்ளத்திலிருந்து நழுவி ‘டக்’ என்று சியரின் மேல் விழும். அதனால் ஃபயரிங் பின் பாயும் தூரமும் குறைகிறது, தோட்டாவின் அடியிலுள்ள தீப்பொறி மூடியாகிய பிரைமரின் மேல் விழும் அடி மெலிகிறது.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். ரைஃபிள் காலியாக இருப்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை முன்னே தள்ளி, கைப்பிடியை மிக மெதுவாக இறக்கியபடி போல்ட்டின் பின்மூடிக்குள் தெரியும் காக்கிங் பீஸைக் கவனியுங்கள். நன்றாகப் பொருந்திய இணையில் அது பள்ளத்திலிருந்து சியருக்கு ஏறக்குறைய அசைவே தெரியாமல் கைமாறும். கைப்பிடியின் கடைசிக் கால் பங்குச் சுழற்சியில் எதிர்ப்புக் கூடினால் சியர் பின்னால் இருக்கிறது. ஒரு சிறு துள்ளல் தெரிந்தால் முன்னால் இருக்கிறது. இந்தப் பிசகை ட்ரிகரின் திருகுகளால் சரிசெய்ய முடியாது. காக்கிங் பீஸைத் திருத்துவதோ, ட்ரிகரைத் தாங்கும் பாகத்தை மாற்றுவதோ, வேறு ட்ரிகரைப் போடுவதோதான் வழி. சியரையோ காக்கிங் பீஸையோ வீட்டில் அரத்தை வைத்துத் தேய்ப்பது கூடவே கூடாது. அங்கே குறையும் ஒரு நூலிழை, தானாக வெடிக்கும் துப்பாக்கியாக முடியலாம். சில ஆக்ஷன்களில் ட்ரிகரைத் தாங்கும் அடைப்பு தனியே கழற்றக்கூடியதாக இருப்பதன் நன்மை இத்தகைய இடங்களில் புலப்படும். எந்த ட்ரிகர்களை வைத்து இந்த ஆக்ஷனைச் சோதித்தீர்கள் என்று ஆக்ஷன் நிறுவனத்தாரிடமே எழுதிக் கேட்பது எல்லாவற்றிலும் எளிய வழி. பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்கும்.

சியருக்கும் ஆக்ஷனுக்கும் இன்னொரு உறவும் உண்டு. அமுங்கிய வில் காக்கிங் பீஸைச் சியரின் சாய்வில் அழுத்தும்போது, போல்ட்டின் பின்பகுதி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ரிசீவரின் பின்பகுதியில் போல்ட்டுக்கு இடைவெளி அதிகமாக இருந்தால் போல்ட் சாய்ந்து நிற்கும். மேல் லக் தன் தளத்தை விட்டுச் சற்று விலகும். சுட்ட கணத்தில் அது அடித்துக்கொண்டு நேராகும். பின்பகுதியில் இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டுக்கு நாம் பணம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக எல்லா இடத்திலும் இறுக்கமே நல்லது என்று கொள்ள வேண்டாம். புழுதியில் நடக்கும் போட்டிகளில் அளவுக்கு மீறிய இறுக்கம் மணல் பட்ட சக்கரம்போல் திக்கித் திணறும்.

எடையும் கட்டமும்

ட்ரிகரின் இழுப்பு எடையைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பேசுகிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். ஒற்றைக் கட்ட ட்ரிகரில் விரல் வைத்ததும் சுவர்போல் ஒரு தடை. விசை கூடியதும் முன்னறிவிப்பின்றி விடுபடும். இரட்டைக் கட்ட ட்ரிகரில் முதலில் ஒரு மெல்லிய நகர்வு, பிறகு ஒரு தடை, அதன்பின் விடுபடல். பொறுமையாக மூச்சைக் கட்டுப்படுத்திச் சுடுபவர்களுள் இரட்டைக் கட்டத்தை விரும்புவோர் உண்டு. நேரக் கெடு உள்ள போட்டிகளில் இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. இதில் சரி, தவறு கிடையாது.

1946இல் தொடங்கிய டிம்னி, டெக்சஸின் ஜூவெல், கனடாவின் ட்ரிகர்டெக், ஆஸ்திரியாவின் பிக்ஸ்-என்-ஆண்டி ஆகியவை 700 வகைக்கான பெயர்பெற்ற ட்ரிகர்கள். ட்ரிகர்டெக்கில் சியருக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு சிறு உருளை சுழல்வதால், எஃகோடு எஃகு உரசி நகரும் உணர்வு மிகக் குறைவு. ஜூவெல் மிக மெல்லிய இழுப்புக்குப் பெயர்பெற்றது. ஆனால் அதன் உட்புறம் நுண்ணியது, தூசியைப் பொறுக்காது என்ற பேச்சு புழுதிக் களங்களில் சுடுவோரிடையே உண்டு. வேட்டைக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் வைத்திருப்பவருக்கு இரண்டரை பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.1 கிலோ, நல்ல எடை. போட்டிக்கு மட்டும் என்றால் ஒன்றரைப் பவுண்டு வரை இறங்கலாம். அவுன்ஸ் கணக்கில் இறங்கும் ட்ரிகர்கள் மேசைமேல் ரைஃபிளை வைத்துச் சுடுவோருக்கானவை. குளிரில் மரத்த விரலுக்கோ கையுறை அணிந்த விரலுக்கோ அவை ஆபத்து.

எடையைக் குறைக்கும் ஆசைக்கு எதிரே ஒரு பழைய பாடம் இருக்கிறது. ரெமிங்டன் 700இல் பல பத்தாண்டுகள் இருந்த வாக்கர் ட்ரிகரில், நாக்குக்கும் சியருக்கும் நடுவே இணைப்புத் துண்டு ஒன்று தளர்வாக நின்றது. அதன் இடுக்கில் அழுக்கு சேர்ந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பாமல் போகலாம், விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கலாம் என்ற குற்றச்சாட்டு நீண்ட வழக்குகளாக நடந்தது. அதற்கு மாற்றாக வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவையும் அந்நிறுவனம் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. சேர்க்கும்போது இட்ட பசை அளவுக்கு மீறியதே அப்போது சொல்லப்பட்ட காரணம். பழைய 700ஐ வாங்கி அதன் ஆக்ஷனைப் பயன்படுத்த நினைப்பவர், ட்ரிகரை மாற்றுவதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்திய பிறகு

ட்ரிகரைப் பொருத்தி, எடையை அளவுகோல் கொண்டு சரிபார்த்த பிறகு, காலி ரைஃபிளில் சில சோதனைகள் செய்ய வேண்டும். போல்ட்டைப் பலமுறை வேகமாக அறைந்து மூடுங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு நாக்கை நன்றாக இழுத்துவிட்டு விரலை எடுங்கள்; பிறகு நாக்கைத் தொடாமல் பூட்டை விடுவியுங்கள். பூட்டை விடுவித்த நிலையில் ஸ்டாக்கின் அடியை ரப்பர் விரிப்பின் மேல் தட்டுங்கள். ரப்பர் சுத்தியலால் ஆக்ஷனின் பக்கங்களையும் மெல்லத் தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் போல்ட்டின் பின்மூடியைப் பாருங்கள்: காக்கிங் பீஸ் பின்னே நீட்டிக்கொண்டிருந்தால் சியர் பிடித்திருக்கிறது, உள்ளே போயிருந்தால் விட்டுவிட்டது. நூறில் ஒருமுறை விட்டாலும் அந்த அமைப்பை ஏற்கக் கூடாது. முதலில் எடையை நிறுவனம் சொன்ன கீழ் எல்லையிலிருந்து மேலே ஏற்றி மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் விட்டால், குறை ஆக்ஷனில் இருக்கிறதா ட்ரிகரில் இருக்கிறதா என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிராமல், இரண்டையும் கழற்றாமல் அப்படியே துப்பாக்கித் தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பிசகு இருப்பது இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்பதால், தனித்தனியே அனுப்பினால் இரு நிறுவனத்தாரும் தங்கள் பாகம் சரியாக இருக்கிறது என்றே திருப்பி அனுப்பக்கூடும்.